கால்மாட்டில் செங்கல்

ஜூன் 30, திங்கள்

வியாழக்கிழமை நர்சிங் கவுன்சில் இன்ஸ்பெக்ஷன். தாளாளர் காலையில் ஸ்டாஃப் ரூமுக்கே வந்து சொன்னார். கல்லூரிக்குச் சொந்தக்காரர் ஸ்டாஃப் ரூமுக்கு வருகிறார் என்றால் ஒன்று இன்ஸ்பெக்ஷன், இல்லாவிட்டால் யாருக்கோ சீட்டுக் கிழியப்போகிறது. "போன தடவ மாதிரியே அசத்திருவோம், என்ன பியூலா மேடம்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அசத்துவதற்கு என்ன இருக்கிறது. நர்சிங் கல்லூரி நடத்துவதென்றால் கூடவே ஆஸ்பத்திரி வேண்டும், ஆஸ்பத்திரி நிறைய நோயாளிகள் வேண்டும். எங்களிடம் கட்டில் இருக்கிறது, மெத்தை இருக்கிறது, நோயாளிதான் இல்லை. அதனால் வியாழக்கிழமை சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வேனில் ஆட்களைக் கொண்டுவந்து படுக்க வைப்போம். ஒரு நாள் கூலி, மதியம் பிரியாணி. வருகிறவர்களும் இதைத் தப்பாக நினைப்பதில்லை. காட்டு வேலையைவிட இது மேல் என்று தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து படுப்பார்கள். பூவை எடுக்கச் சொல்வது எனக்கு ஒரு வேலை.

முதலாம் ஆண்டுக்கு இன்று நோயாளியை எப்படிப் படுக்க வைப்பது என்ற பாடம். மூச்சுத் திணறுகிறவரைத் தலைமாட்டை உயர்த்திச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும் என்றேன். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். செண்பகவல்லி மட்டும் எழுந்து, "ஏன் மேம் உக்கார வைக்கணும்?" என்று கேட்டாள். சில நாள் இவள் கேள்வி எரிச்சலாக வரும். ஆனாலும் ஒரு வகுப்பில் இப்படி ஒருத்தியாவது வேண்டும். மல்லாந்து படுத்தால் உடம்பில் தேங்கிய நீர் நெஞ்சுப் பக்கம் வரும், உட்கார்ந்தால் காலுக்கு இறங்கும், அவ்வளவுதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கிரைண்டர் மறுபடியும் நின்றுவிட்டது. நானே பார்க்கிறேன் என்று வீட்டுக்காரர் ஞானராஜ் கழற்றிப்போட்டு மாவையெல்லாம் தரையில் கொட்டினார். போஸ்ட் ஆபீஸில் முத்திரை குத்துகிற மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை. ராத்திரிக்கு உப்புமா கிண்டி அவர் முன்னால் வைத்தேன். 

ஜூலை 2, புதன்

நாள் முழுக்க வார்டைச் சிங்காரிக்கிற வேலை. பீரோவுக்குள் கிடந்த விரிப்பெல்லாம் அந்துருண்டை நாற்றம். யார் சர்க்கரை நோயாளி, யார் பிரசவமானவள் என்று பங்கு பிரித்தாயிற்று. எலும்பு முறிவு வார்டு என் பொறுப்பு.

என் வார்டில் ஒரு ட்ராக்ஷன் கட்டாயம் இருக்கும். காலில் முழங்கால்வரை கட்டுப் போட்டு, அதிலிருந்து கயிறு இழுத்து, கப்பி வழியாக எடை தொங்கவிட வேண்டும். இழுப்பில் ஆள் கீழே சறுக்காமல் இருக்கக் கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்த வேண்டும். கால் மேலே, தலை கீழே. வருகிறவர்கள் வாசலில் நின்று பார்த்தாலே இது ஆஸ்பத்திரிதான் என்று தோன்றிவிடும். இந்தப் பக்கத்தில் என்னைப் போல ட்ராக்ஷன் கட்ட ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜம்.

மாதிரித் தேர்வுக்குக் கேள்வித்தாளும் இன்றே கேட்டார்கள். அடித்துப் பிடித்து எழுதிக் கொடுத்தேன். "நோயாளிக்காகப் பேச வேண்டிய கடமை நர்ஸுக்கு ஏன் உண்டு? தகுந்த உதாரணத்துடன் விளக்குக." பத்து மார்க்.

ஜூலை 3, வியாழன்

முடிந்தது. கால் இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கிறது.

காலையில் வேன் வந்ததும் ட்ராக்ஷனுக்கு ஆள் தேடினேன். இறங்கிய பெண்களை வரிசையாக நிற்கவைத்துச் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னேன், சந்தையில் மாடு பார்க்கிற மாதிரி. எல்லாம் வெயிலில் காய்ந்த குச்சிக் கால்கள். முறிந்த கால் என்றால் யார் நம்புவார்கள். சீனியம்மாள் என்று ஒரு அம்மா, ஐம்பது தாண்டியவள், அவள் கால்தான் நன்றாக வீங்கிப் பளபளவென்று இருந்தது. நான் தேடிய கால் அதுதான். அவளுக்கு ஒரே சிரிப்பு. "காலு ஒடிஞ்சவளாவா படுக்கணும்? என் மகட்ட சொன்னா நம்ப மாட்டா, டீச்சரம்மா" என்றாள். கட்டு அச்சில் வார்த்ததுபோல் உட்கார்ந்தது. பக்கத்தில் செண்பகத்தைக் காவலுக்கு நிறுத்தினேன்.

இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த இரண்டு அம்மாக்களும் கறாரானவர்கள். மற்ற வார்டுகளில் துருவித் துருவிக் கேட்டார்களாம். என் வார்டில் அவர்களில் மூத்த அம்மா ட்ராக்ஷன் அருகே நின்று, "யார் கட்டினது?" என்றார். நான் என்றேன். "நல்லா கட்டியிருக்கீங்க" என்றார். நடுநடுவே செண்பகம் வந்து வந்து என் காதைக் கடித்தாள். முறைத்தேன், போய்விட்டாள்.

கடைசியில்தான் ஒரு கலாட்டா. அவர்கள் மாடிக்குப் போன நேரம் பார்த்து இந்தப் பெண் கத்தரியை எடுத்து என் கட்டை வெட்டியிருக்கிறாள். செங்கல்லை உருவிவிட்டு, அந்த அம்மாவை உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அறைந்திருப்பேன். அதற்குள் சீனியம்மாள் அப்படியே சரிந்துவிட்டாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருப்பாள், வார்டும் ஒரே புழுக்கம். பின்வாசல் வழியாக வேனில் ஏற்றி ஜி.எச்.சுக்கு அனுப்பினோம். செண்பகமும் கூடப் போனாள். மாடியில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

நான் கீழே வருவதற்குள் பிரியாணி தீர்ந்துவிட்டது. கறியில்லாத குஸ்காதான் கிடைத்தது.

ஜூலை 4, வெள்ளி

சீனியம்மாள் காலையில் இறந்துவிட்டாள்.

இதயம் பலவீனமாம். நெஞ்சில் நீர் கட்டியிருந்ததாம். அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவளாம். எங்களிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் வேறு ஆளைப் படுக்க வைத்திருப்போமே. நோயை மறைத்துக்கொண்டு வேனில் ஏறி வந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும். அவள் விதி. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருக்காதா பின்னே.

ஜூலை 5, சனி

தண்ணீர் வந்தது. குடம், அண்டா எல்லாம் பிடித்து வைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி என்று ஞானராஜை மட்டும் அனுப்பினேன். ஆராதனை முடிந்து வந்தவர், பாஸ்டரம்மா விசாரித்ததாகச் சொன்னார். எல்லாருக்கும் என்னை விசாரிக்கத்தான் வேலை.

ஜூலை 8, செவ்வாய்

நேற்று கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் சீனியம்மாளின் மகள் மனு கொடுத்துவிட்டாளாம். நல்லபடியாக வேன் ஏறிய அம்மாவைக் கட்டிலில் கட்டிப்போட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாள். இனி கவுன்சிலிலிருந்தும் விசாரணைக்கு வருவார்கள்.

தாளாளர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் எனக்கும் சேர்த்துக் காப்பி. அப்போதே தெரிந்துகொண்டேன்.

"அந்தம்மா இடுப்பு வலின்னு வந்தாங்க, நாம ட்ராக்ஷன் போட்டோம். அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. இந்தப் பொண்ணு குறுக்க பூந்து அவுத்துவிட்டதுல கோளாறாயிருச்சு. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுங்க மேடம். மாணவி யாருடைய அனுமதியும் இல்லாமல் கட்டை அகற்றினார். அவ்வளவுதான். இதுல ஒரு வார்த்த பொய் இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். அந்த வரியில் பொய் இல்லைதான்.

"அந்தப் பிள்ளைய என்ன சார் பண்ணுவீங்க?"

"டி.சி. குடுத்து அனுப்பிருவோம். வேற எங்கயாவது போயிப் படிச்சுக்கிடட்டும்."

இந்த மாதிரி காரணத்தோடு அனுப்பினால் எந்தக் கல்லூரி சேர்க்கும். அவள் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துப் படிக்க வைக்கிறாள். "சின்னப் பிள்ள சார்" என்றேன்.

"நீங்க சின்னப் பிள்ள இல்லையே மேடம். வார்டு உங்க பொறுப்பு. அவ மேல தப்பு இல்லைன்னா யார் மேல வரும்னு யோசிங்க. ரெஜிஸ்ட்ரேஷனையே பிடுங்கிருவாங்க. உங்க ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் நம்ம பீரோவுல பத்திரமா இருக்கு, அத நெனச்சுக் கவலப்படாதீங்க." 

பத்திரமாக இருக்கிறதாம். இரண்டு நாள் டைம் கேட்டேன். காப்பியைக் குடிக்காமல் வந்தேன், அதையாவது செய்தேன்.

ஜூலை 9, புதன்

செண்பகத்தை வகுப்புக்கு விட வேண்டாம் என்று உத்தரவு. ஹாஸ்டல் அறையிலேயே இருக்கிறாள். அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

பாடம் நோயாளியைப் பற்றி விசாரித்து அறிவது. முதலில் கேளுங்கள், பிறகு தொட்டுப் பாருங்கள், எதற்கும் அப்புறம்தான் கை வையுங்கள் என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். பாதியில் புத்தகத்தை மூடினேன். வாசித்துக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒருத்தரிடமும் நாங்கள் கேட்கவில்லை. நோயாளி இல்லை என்று தெரிந்துதானே கூட்டி வந்தோம், எதற்குக் கேட்பது. சீனியம்மாள் மறைத்தாள் என்று நாலாம் தேதி எழுதியிருக்கிறேன். கேட்டால் அல்லவா மறைப்பதற்கு.

இன்னொன்றும் உண்டு. கட்டுப் போடும்போது என் கட்டைவிரல் பதிந்த இடம் குழியாகி, அப்படியே நின்றது. நீர் கோத்த காலில்தான் அப்படிக் குழி விழும். முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா. பார்த்தேன். அதன் மேலேயே துணியைச் சுற்றினேன்.

ஜூலை 12, சனி

தாளாளர் ஆள் அனுப்பிக் கேட்டார். திங்கள் தருகிறேன் என்றேன்.

ஞானராஜிடம் இன்றுதான் சொன்னேன், அதுவும் பாதி. "எழுதிக் குடுத்துத் தொலையேன். நீ எழுதலைன்னா வேற ஆள வச்சு எழுதிக்கிடப் போறான். உன் பேரு கெடாம இருந்தாச் சரி" என்றார். சட்டென்று கோபம் வந்துவிட்டது. அந்தக் கிரைண்டரை முதலில் ஒழுங்காகப் பூட்டுங்கள் என்று கத்தினேன். பாவம், கிரைண்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம். பிறகு மனசு கேட்காமல் அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 14, திங்கள்

சாயந்திரம் செண்பகம் வீட்டுக்கு வந்தாள். சோப்பு வாங்கப் போகிறேன் என்று வார்டனிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். ஆள் பாதியாகிவிட்டாள். உட்கார் என்றேன், உட்காரவில்லை.

"மேம், நான் கட்ட வெட்டுனது தப்பா?"

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

"தப்புன்னா சொல்லிருங்க மேம். நான் ஊருக்குப் போயிருதேன். தீப்பெட்டி ஆபீஸுக்கே வந்துருன்னு அம்மாவும் சொல்லுது. எனக்கு ராத்திரில தூக்கமே வரல. நான் உக்கார வச்சதாலதான் அவுக செத்துப்போனாகளோன்னு இருக்கு."

"இல்ல. நீ செஞ்சது சரி" என்றேன். "இன்னும் முன்னாடியே செஞ்சிருக்கணும்."

"நான் மொதல்லயே கேட்டனே மேம்" என்றாள். அவள் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் தேவலை, நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

போகிறவள்போல் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னாள். அவள் ஊர்க்காரர் ஒருவர் வக்கீலிடம் வேலை பார்க்கிறாராம். மாணவி தன் இஷ்டத்துக்கு எதையும் தொடக் கூடாது, டீச்சர் சொல்லித்தான் செய்தேன் என்றால்தான் தப்பிக்கலாம் என்று அவர் சொன்னாராம்.

"நீங்க வெட்டச் சொல்லித்தான் வெட்டுனேன்னு சொல்லட்டுமா மேம்? உங்களுக்கும் அது நல்லதுதான?"

பொய் சொல்லாதே என்று இந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுத்தவள் நான்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அன்றைக்கு நடந்ததை இதுவரை இதில் சரியாக எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை செண்பகம் வந்து, "அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குது மேம், தலமாட்ட ஒசத்தட்டுமா?" என்று கேட்டாள். போய் நில்லு, வருகிற நேரம் என்றேன். இரண்டாவது தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானே போனேன். சீனியம்மாள் முகமெல்லாம் வியர்த்து ஊற்றியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதட்டில் ரத்த ஓட்டம் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயி, மல்லாக்கப் படுக்க முடியல. செத்த நேரம் எந்திரிச்சு உக்காந்துக்கிடுதேன்" என்றாள்.

என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிட்டது. வீங்கிய காலை மேலே தூக்கிக் கட்டி, தலையைத் தாழ்த்தி, அந்தத் தண்ணீரையெல்லாம் நானே அவள் நெஞ்சுக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். கட்டை அவிழ்த்துச் செங்கல்லை உருவ ஒரு நிமிஷம் போதும். வராந்தாவில் இன்ஸ்பெக்ஷன் அம்மாக்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. "கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா" என்று கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்று, வாங்க மேடம் என்று சிரித்தேன்.

அவளும் பொறுத்துக்கொண்டாள். அந்த மூத்த அம்மா நின்று நிதானமாக என் கட்டைப் பாராட்டுகிறவரை சீனியம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். சத்தம் போட்டால் எங்கள் குட்டு உடைந்துவிடும் என்று பயந்திருக்கிறாள். வாங்கப்போகிற கூலிக்கு அவள் அவ்வளவு உண்மையாக இருந்தாள்.

கொலைகாரி என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். அழுவதற்கும் எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் அழுதேன்.

ஜூலை 15, செவ்வாய்

தாளாளரிடம் எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப உங்க பாடு" என்றார். செண்பகத்தை ஹாஸ்டல் வாசலில் பார்த்தேன். சரி, அப்படியே சொல் என்றேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் நான் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி எனக்கே தோன்றியது. என்ன ஜென்மம் நான்.

ஜூலை 17, வியாழன்

விசாரணை. நூலகத்தில் மேஜை போட்டு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். வேனில் வந்த பெண்கள் ஒளிவு மறைவில்லாமல் எல்லாம் சொல்லிவிட்டார்கள். கூலி, பிரியாணி, பூவை எடுக்கச் சொன்னது வரை. தாளாளரின் இடுப்பு வலிக் கதை ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

செண்பகத்தைக் கேட்டார்கள். டீச்சர் சொல்லித்தான் வெட்டினேன் என்று பேசிவைத்தபடியே சொன்னாள். குரல் நடுங்கியது, சின்னப் பெண் பயப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள்.

"நோயாளிக்கு மூச்சுத் திணறுதுன்னு இந்த மாணவி உங்ககிட்ட வந்து சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"கட்ட அவுத்து உக்கார வைங்கன்னு நீங்க சொன்னீங்களா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். செண்பகம் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் பொய் சொன்னவள். ஆமாம் என்றால் நான் நல்லவள். இப்படி ஒரு இடத்தில் மாட்டுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"ஆமா" என்றேன்.

நடுவில் இருந்த அம்மா எழுதிக்கொண்டார். "இந்த ஏமாத்து வேலைக்கு நீங்களும் உடந்தை. அதுக்குத் தனியா விளக்கம் கேப்போம், நடவடிக்கையும் இருக்கும். ஆனா கடைசி நேரத்துலயாவது நோயாளிதான் முக்கியம்னு நெனச்சீங்களே, அதையும் குறிச்சுக்கிறோம்" என்றார். நன்றி என்று சொன்னேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

செண்பகம் மேல் நடவடிக்கை கிடையாது. இந்தக் கல்லூரியை மூடினாலும் பிள்ளைகளை வேறு கல்லூரிக்கு மாற்றிவிடுவார்களாம். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உதறிவிட்டு வந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

மாவு வெளியே கொடுத்து அரைத்து வந்தேன். புளித்துப்போயிற்று.

ஜூலை 20, ஞாயிறு

மத்தியானம் கதவைத் தட்டினார்கள். முப்பது வயதுப் பெண், கையில் பிள்ளை. மாரிக்கனி என்றாள். சீனியம்மாளின் மகள்.

உள்ளே கூப்பிட்டேன். ஞானராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்பண்டம் வாங்கிக் கொடுக்கிறேன் என்று தெருவுக்குப் போய்விட்டார். எப்போது எழுந்து போக வேண்டும் என்பது மட்டும் அந்த மனுஷனுக்கு நன்றாகத் தெரியும்.

"நேத்துதான் டீச்சர் பதினாறு முடிஞ்சது" என்றாள். "விசாரணையில சொன்னாக. அந்த ஆஸ்பத்திரியில அத்தன பேரு இருந்தும் நீங்க ஒருத்தருதான் எங்கம்மாவ அவுத்துவிடச் சொன்னீகளாம்ல. உங்களப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். கடைசி நேரத்துல செத்த உக்காந்து மூச்சு விட்டுச்சே, அது உங்க புண்ணியம்." சொல்லிக்கொண்டே குனிந்து என் காலைத் தொடப் போனாள்.

நான் பின்னால் நகர்ந்தேன். அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. செண்பகத்தை நினைத்தாவது வாயை மூடியிருக்க வேண்டும். முடியவில்லை. அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

"நான் சொல்லலம்மா" என்றேன். "அந்தப் பிள்ள தானாத்தான் அவுத்துச்சு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது.

"அம்மா உங்களக் கேட்டுச்சா?"

"கேட்டாங்க."

"என்ன கேட்டுச்சு?"

"செத்த நேரம் எந்திரிச்சு உக்காந்துக்கிடுதேன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீக?"

"பொறுத்துக்கங்கன்னு சொன்னேன்."

சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அழுதுகொண்டே, வீட்டில் கட்டிலே கிடையாது, ஆறு மாசமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் அம்மா தூங்கும் என்று சொன்னாள். படுத்தால் மூச்சு முட்டும் என்பது தனக்குத் தெரியும், ஒரு நாள் படுத்துக் கிடந்தால் போதும் என்று கூப்பிட்டபோது போகாதே என்று தான் சொல்லவில்லை என்றாள். அதைச் சொல்லி இன்னும் அழுதாள். உன் தப்பு இல்லம்மா என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று அவள் நினைத்திருப்பாள்.

"நீங்க போயி விசாரணைக்காரங்ககிட்ட இதச் சொல்லலாம்" என்றேன். "நானும் வந்து ஒத்துக்கிடுதேன். அந்தப் பிள்ளைய மட்டும் காப்பாத்தணும், பயத்துலதான் அப்படிச் சொல்லுச்சு."

தெருவில் பிள்ளை சிரிக்கிற சத்தம் கேட்டது. மாரிக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அது படிக்கட்டும். எங்கம்மாவுக்கு ஒத்தாசையா நின்னது அது ஒண்ணுதான். அதோட பொழப்புல நான் மண்ணள்ளிப் போட மாட்டேன்" என்றாள். கதவருகே போய்த் திரும்பினாள். "நீங்க இனிமே யாருக்கும் சொல்லிக் குடுக்காதீக."

சரி என்றேன்.

ஜூலை 21, திங்கள்

முதலாம் ஆண்டுக்கு இன்று காலை முதல் வகுப்பு என்னுடையது. நான் போகவில்லை.